தீராத தோல் நோயும் அனுதினக் கிருபையும்



இந்த வாரத் தியானத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், பிரசங்க பீடத்தில் அதிகம் பேசப்படாத ஒன்று. அது தோல் நோய். ஒரு வாரம் மருந்து தடவினால் ஆறிப்போகும் சிரங்கைப் பற்றி நான் எழுதவில்லை. ஆண்டுக்கணக்காய் நம்மோடு தங்கி, சில மாதங்கள் அடங்கி, மறுபடியும் எழும்பி, நம்மோடுகூட வயதேறுகிற நோயைப் பற்றி எழுதுகிறேன். சொரியாசிஸ், எக்சிமா என்னும் கரப்பான், வெண்புள்ளி, முகம் சிவந்து எரிகிற ரோசேசியா என்று அதற்குப் பல பெயர்கள் உண்டு. இவற்றில் முதலாவதோடு நான் 14 ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறேன். ஆகையால் படித்ததை மாத்திரமல்ல, என் சரீரத்தில் அறிந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம்முடைய வியாதிகளில் பெரும்பாலானவை உள்ளே மறைந்திருக்கின்றன. சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவரைத் தெருவில் பார்க்கிறவர்கள் அதை அறிய வழியில்லை. அவராகச் சொன்னால்தான் உண்டு. தோல் நோயுள்ளவருக்கோ அந்தச் சுதந்தரம் இல்லை. அவர் பெயரைச் சொல்லுமுன்னே அவருடைய நோய் தன்னை அறிமுகம் செய்துவிடுகிறது. பேருந்தில் அருகே உட்கார வருகிறவர் ஒரு கணம் தயங்குவார். முடி திருத்தும் கடையில் சீப்பை எடுத்தவர் தலையைக் கண்டதும் கீழே வைப்பார். யாரும் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனாலும் அந்தத் தயக்கத்தைக் கண்டுகொள்ளாத நோயாளி ஒருவரும் இல்லை.

சொரியாசிஸ் என்பது என்ன? நம் மேல்தோல் அடியிலிருந்து புதிதாய் முளைத்து, மேலே வந்து, கண்ணுக்குத் தெரியாமல் உதிர்வதற்குச் சாதாரணமாக ஏறக்குறைய 28 நாட்கள் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் அதே வேலை ஒருசில நாட்களில் நடந்துவிடுகிறது. முதிராத தோல் அடுக்கடுக்காய்க் குவிந்து, சிவந்து தடித்து, வெள்ளிச் செதில்களாய் உதிர்கிறது. காரணம் கிருமி அல்ல. நம்மைக் காக்கவேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே தவறான கட்டளையைக் கொடுத்துத் தோலை விரட்டுகிறது. பரம்பரையும் அதற்கு ஒரு காரணம். சித்த மருத்துவம் இதைக் காளாஞ்சகப்படை என்று அழைக்கிறது. 2014-ஆம் ஆண்டு உலகச் சுகாதாரப் பேரவை, இது தொற்றாத நோய், நாட்பட்ட நோய், வலி தருகிற நோய் என்றும், இதற்கு முழுமையான தீர்வு இன்னும் இல்லை என்றும் தீர்மானம் நிறைவேற்றியது. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் உண்டாலும் ஒட்டாது, ஒரே படுக்கையில் உறங்கினாலும் ஒட்டாது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் சபைக்குத் தெரியவேண்டுமே! முழங்கையிலும் தலையிலும் மாத்திரம் இருந்த தடிப்பு ஓர் ஆண்டு மார்கழிக் குளிரில் என் புறங்கைகளுக்கு வந்தது. வெள்ளை அங்கியின் தோள்களில் செதில்கள் உதிர்ந்து கிடக்கும். திருவிருந்து ஞாயிறன்று நான் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும்போது, வழக்கமாய் முன்வரிசையில் முழங்காற்படியிடுகிற இரண்டு குடும்பங்கள் எழுந்து வரவில்லை. அடுத்த வாரம் மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, "ஐயா, தப்பாக நினைக்கக்கூடாது. கை ஆறுகிறவரைக்கும் இராப்போஜனத்தை வேறு ஐயரவர்கள் வந்து நடத்தினால் என்ன? இல்லையென்றால் உறையாவது போட்டுக்கொள்ளலாமே" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சபையின் நிமித்தம் கவலைப்பட்டே அவர் வந்தார். ஆனால் அவர் போனபின்பு வெகுநேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை ஆறும்வரை என்றார். இந்தக் கை ஒருவேளை ஆறாமலே போகலாம் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? உறை அணிந்துகொண்டால், இது ஒட்டுகிற நோய் என்று நானே சாட்சி சொன்னதாகாதா? என்னைப்போல் எத்தனை பேர் அந்தச் சபையில் முழுக்கைச் சட்டைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறார்களோ? அடுத்த திருவிருந்து ஞாயிறன்று, பாவ அறிக்கைக்கு முன்பாக, பத்து நிமிடம் இந்த நோயைப் பற்றி மாத்திரம் சபைக்கு விளக்கினேன். கைகளை உயர்த்திக் காட்டினேன். மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். யாருக்கேனும் மனச்சாட்சியில் தயக்கம் இருந்தால் உதவி ஊழியரிடம் வாங்கிக்கொள்ளலாம், அதினால் நான் வருந்தமாட்டேன் என்றும் சொன்னேன். அன்று எழுந்து வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. எல்லாரும் வருவதற்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

அன்பானவர்களே, இந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு சொல் நிற்கிறது. நம்முடைய தமிழ் வேதாகமத்தில் குஷ்டரோகம் என்று வாசிக்கிறோம். அதை வாசிக்கும்போது, தோலில் வெளுத்தும் தடித்தும் காணப்படுகிற எல்லாமே நம் மனதில் ஒன்றாகிவிடுகிறது. லேவியராகமம் 13, 14 ஆகிய அதிகாரங்களை ஒருமுறை நிதானமாய் வாசித்துப் பாருங்கள். அங்கே அதே பெயர் வஸ்திரத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் வருகிறது. சுவருக்குத் தொழுநோய் வருமோ? ஆகவே எபிரெய மூலத்தில் உள்ள அந்தச் சொல் இன்றைய மருத்துவம் சொல்லும் ஒரே நோயைக் குறிப்பதன்று. பலவிதமான தோல் மாற்றங்களையும் பூசணத்தையும் சேர்த்துக் குறிக்கிற பொதுச்சொல். தோலில் மங்கின வெண்மையாய்த் தோன்றும் சில புள்ளிகளைக் கண்டால், அவன் சுத்தமுள்ளவன் என்றே ஆசாரியன் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்றும் அதே அதிகாரம் கட்டளையிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சந்தேகமுள்ள இடத்தில் ஆசாரியன் உடனே தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஏழு நாள் பொறுத்து மறுபடியும் பார்க்கவேண்டும். தேவையானால் இன்னும் ஏழு நாள் பொறுக்கவேண்டும். ஒரு மனிதனைத் தீட்டுள்ளவன் என்று சொல்வது எவ்வளவு பாரமான காரியம் என்று நியாயப்பிரமாணம் அறிந்திருந்தது. நாமோ ஒரு பார்வையில் தீர்த்துவிடுகிறோம்.

மருத்துவ உலகமும் இந்தக் குழப்பத்திலிருந்து எளிதில் விடுபடவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ராபர்ட் வில்லன் என்பவர் இந்த நோயை நுட்பமாய் வருணித்தார். ஆயினும் தொழுநோயை நினைப்பூட்டும் 'லெப்ரா' என்ற பெயர் அதைவிட்டு நீங்கவில்லை. 1841-இல் வியன்னா நகரத்து ஃபெர்டினான்ட் வான் ஹீப்ரா என்ற மருத்துவரே சொரியாசிஸ் வேறு, தொழுநோய் வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார். 1873-இல் நார்வே நாட்டு ஹான்சன் தொழுநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டார். அதற்குமுன் எத்தனை சொரியாசிஸ் நோயாளிகள் ஊருக்குப் புறம்பே தள்ளப்பட்டார்களோ, கர்த்தர் ஒருவரே அறிவார்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிப்பு. "எனக்கு வந்தது குஷ்டமல்ல" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதில், குஷ்டம் வந்தவனைத் தள்ளிவிடுவது நியாயம் என்ற எண்ணமும் ஒளிந்திருக்கிறது. அது நமக்குத் தகாது. தொழுநோய் இன்று கூட்டு மருந்துகளால் முற்றிலும் குணமாகிற நோய். உணர்ச்சியற்ற தேமலைக் கண்டவுடன் மருத்துவமனைக்குச் சென்றால் ஊனமும் தடுக்கப்படும். நம்முடைய ஆண்டவர் குஷ்டரோகியைக் குணமாக்கிய சம்பவத்தை மாற்கு முதலாம் அதிகாரத்தில் வாசிக்கும்போது, எது முந்தி நடந்தது என்று பாருங்கள். அவர் முந்தித் தொட்டார். பின்பே அவன் சுத்தமானான். சுத்தமானபின் தொடுவது யாருக்கும் எளிது.

இனி, இந்த நோயோடு எப்படி வாழ்வது என்பதற்கு வருகிறேன். இதில் ஜெபம் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் உண்டு. ஒரு கூட்டத்தில் எனக்காக ஜெபித்த ஊழியர் ஒருவர், மாத்திரைகளை அன்றே எறிந்துவிடும்படி எல்லார் முன்பாகவும் எனக்குச் சொன்னார். எறியாததினால் எனக்கு விசுவாசக் குறைவு என்று சிலர் பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது. எசேக்கியா ராஜாவின் பிளவையை நினைத்துப் பாருங்கள். அவன் அழுது ஜெபித்தான். குணமாக்குவேன் என்ற வாக்குத்தத்தம் வந்தது. அதற்குப் பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொன்னார். வாக்குத்தத்தம் இருக்கிறதே, அத்திப்பழம் எதற்கு என்று அரண்மனையில் யாரும் கேட்கவில்லை.

நான் உட்கொள்ளும் மருந்து மெத்தோட்ரெக்சேட். அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, நம்முடைய சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். முதலாவது இரத்தப் புற்றுநோய்க்கென்று வந்த மருந்து, பின்பு சொரியாசிஸுக்கும் மூட்டுவாதத்துக்கும் உதவியாயிற்று. இதைப் பற்றி ஒன்றை மிக அழுத்தமாய்ச் சொல்லவேண்டும். சொரியாசிஸுக்கு இந்த மாத்திரை வாரத்துக்கு ஒருமுறை மாத்திரமே. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்படி இறந்தவர்களும் உண்டு. நான் ஞாயிறு இரவில் எடுத்துக்கொள்கிறேன். என் துணைவியார் நாட்காட்டியில் அந்தக் கட்டத்தில் குறியிட்டு வைக்கிறார். மருத்துவர் சொன்னபடி வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம். குறித்த காலங்களில் ஈரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் பரிசோதனை. மது கூடவே கூடாது. கருவுற்றவர்களும் குழந்தைப்பேற்றை எதிர்பார்க்கிறவர்களும் இதை உட்கொள்ளலாகாது. எல்லாருக்கும் இந்த மருந்து தேவையுமில்லை. பலருக்குக் களிம்பும் ஒளிச் சிகிச்சையுமே போதும். எது வேண்டும் என்பதைத் தோல் மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

மருந்தைவிட அதிக நேரம் பிடிப்பது அன்றாடப் பராமரிப்பு. கொதிக்கும் வெந்நீர் வேண்டாம், இளஞ்சூடு போதும். நாரையோ பீர்க்கங்கூட்டையோ கொண்டு செதிலைத் தேய்த்து எடுக்காதேயுங்கள். காயம்பட்ட இடத்திலேயே புதிய தடிப்பு எழும்புவது இந்த நோயின் சுபாவம். குளித்து ஈரம் முற்றும் உலருமுன்னே பெட்ரோலியம் ஜெல்லியோ மருத்துவர் சொன்ன வேறு களிம்போ பூசவேண்டும். பலருக்குத் தேங்காயெண்ணெயும் உதவும். நகங்களைக் குறுக வெட்டுங்கள். புகையை விடுங்கள். தொண்டைப் புண் வந்தால் அசட்டை செய்யாதேயுங்கள், அதைத் தொடர்ந்து நோய் கிளம்புவதுண்டு. வேறு நோய்க்கு மருத்துவரிடம் போனாலும் சொரியாசிஸ் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், சில மருந்துகள் அதைக் கிளப்பிவிடும். காலையில் எழும்போது விரல் மூட்டுகள் வீங்கி விறைத்திருந்தால் அது வெறும் வயதின் வலி என்று விட்டுவிடாதேயுங்கள். இந்த நோய் மூட்டுகளையும் தாக்கும், தாமதித்தால் மூட்டு சிதைந்துபோகும்.

எல்லாத் தோல் நோய்க்கும் ஒரே வழி இல்லை என்பதையும் மறவாதிருங்கள். மிதமான காலை வெயில் சொரியாசிஸ் உள்ள பலருக்கு நன்மை. ரோசேசியா உள்ளவருக்கோ அதே வெயில் பகை. ரோசேசியாவில் கன்னங்களும் மூக்கும் சிவந்து, எரிந்து, பருக்களைப்போல் எழும்பும். சிலருக்குக் கண்களும் உறுத்தும். வெயில், அடுப்பின் அனல், ஆவி பறக்கும் தேநீர், காரம், மது, மனக்கலக்கம் ஆகியவை அதைத் தூண்டும். நம்மைப்போன்ற மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாததால் அது பருவென்றே தவறாய்க் கணிக்கப்படுவதுண்டு. தொப்பியும் குடையும், வெயில் காப்புக் களிம்பும், மென்மையான சோப்பும், தன்னைத் தூண்டுவது எது என்று குறித்து வைக்கும் சிறு நோட்டும் அதற்கு முதல் உதவிகள். மெட்ரோனிடசோல், அசெலாயிக் அமிலம் போன்ற பூச்சு மருந்துகளை மருத்துவர் தருவார்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. முகம் வெளுக்கும் என்று நம்பி ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பெண்பிள்ளைகளின் முகத்தில் மாதக்கணக்கில் பூசும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. முதல் வாரம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் முன்னிலும் கேடாய்ச் சிவக்கும். ரோசேசியாவைப் போன்ற அந்த நிலைமையை நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் எவ்வளவோ கண்டிருக்கிறார்கள். 2018-இல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல களிம்புகளை மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று அறிவித்தது. தேவன் கொடுத்த நிறத்தை மாற்றப்போய்த் தோலையே இழக்கவேண்டாம். ஏற்கெனவே பூசிவருகிறவர்கள் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. இத்தாலி தேசத்து கிர்லாந்தாயோ ஏறக்குறைய 1490-இல் வரைந்தது. ஒரு முதியவரும் அவருடைய பேரனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதியவரின் மூக்கு முண்டுமுண்டாய்ப் பருத்திருக்கிறது. ரோசேசியா முற்றினால் மூக்கு அப்படியாகும். மூக்கு இப்படிப் பருத்தவனைக் குடிகாரன் என்று உலகம் பழித்ததுண்டு. அந்த நோய் குடியினால் உண்டாவதன்று. ஓவியன் அந்த மூக்கை மறைக்கவில்லை, சிறிதாக்கவுமில்லை. ஆனால் குழந்தை தாத்தாவின் மார்பில் கைவைத்து, அருவருப்பின்றி, அவர் முகத்தையே நோக்குகிறது. அந்தப் படத்தின் அச்சுப் பிரதி ஒன்று என் மேசையில் இருக்கிறது.

நான் சபையில் என் கைகளைக் காட்டின சில மாதங்களுக்குப்பின், ஒரு தாயும் மகளும் என்னிடம் வந்தார்கள். மகளுக்கும் சொரியாசிஸ், பள்ளி நாள் முதல் முழுக்கை உடைதான். ஒரு நல்ல சம்பந்தம் வந்திருக்கிறது, சொல்லவேண்டுமா, கூடாதா என்று தாய் கேட்டார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுங்கள் என்றேன். ஒளித்துவைத்துத் தொடங்கும் வாழ்வில் ஒவ்வொரு நாளும் ஒளிக்கவேண்டியிருக்கும் என்றேன். அவர்கள் சொன்னார்கள். அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று. சில ஆண்டுகளுக்குப்பின் அவள் வேலைக்குச் சென்றாள்; இன்றும் திருமணம் ஆகவில்லை. ஓர் ஆராதனைக்குப்பின் அவள் என்னிடம், "ஐயா, இப்போது நான் அரைக்கை உடுத்துகிறேன், பார்த்தீர்களா?" என்றாள். பார்த்தேன் என்றேன். அவளுக்குக் கல்யாணம் கூடிவந்ததாக உங்களுக்கு எழுத எனக்கு ஆசை. ஆனால் நடந்தது இவ்வளவே.

யோபு சாம்பலில் உட்கார்ந்து ஓட்டினால் தன்னைச் சுரண்டிக்கொண்டதை வாசிக்கும்போது, இரவெல்லாம் நமைச்சலில் விழித்தவர்களுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. அவனுடைய சிநேகிதர் செய்தவற்றில் சிறந்தது எது? ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததே. பாவம் என்ன என்று அவர்கள் விசாரிக்கத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். ஆகையால் உங்கள் நண்பருக்குத் தோல் நோய் இருந்தால், காரணம் கேட்காதேயுங்கள். கத்தரிக்காயையும் கருவாட்டையும் விடச் சொல்லாதேயுங்கள். கைகுலுக்குங்கள். அருகே உட்காருங்கள். அவர் வீட்டில் சாப்பிடுங்கள். மருத்துவமனையில் முறைக்காக அவர் காத்திருக்கும் நாளில் துணைக்குப் போங்கள்.

நோயுள்ள அன்பானவரே, உமக்கும் ஒரு வார்த்தை. பவுல் அப்போஸ்தலன் கலாத்தியரிடம் சரீர பலவீனத்தோடே சென்றார். அவர்கள் அதினிமித்தம் அவரை அசட்டை பண்ணவில்லை என்பதை அவர் நன்றியோடு நினைவுகூருகிறார். பார்க்கிறவர்களுக்குச் சோதனையாயிருந்த ஒரு சரீரத்தோடுதான் சுவிசேஷம் அந்த ஊருக்கு வந்தது. நான் இன்றும் சுகத்துக்காக ஜெபிக்கிறேன். சுகம் வந்தால் ஸ்தோத்திரம். வராவிட்டால், ஞாயிறு இரவின் மாத்திரைக்காகவும், காலையில் களிம்பு பூசும் பத்து நிமிடத்துக்காகவும் ஸ்தோத்திரம். அந்தப் பத்து நிமிடத்தில் சபையாரின் பெயர்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லி ஜெபிக்கப் பழகிக்கொண்டேன். களிம்பு தீருமுன் பெரும்பாலும் பெயர்கள் தீருவதில்லை.

ஜெபிப்போம். இரக்கமுள்ள பிதாவே, தோலில் நோயைச் சுமக்கிற உம்முடைய பிள்ளைகளை நினைத்தருளும். இரவின் நமைச்சலில் அவர்களுக்குத் தூக்கம் தாரும். மருத்துவர்களுக்கு ஞானத்தையும், ஏழைகளுக்கு மருந்து வாங்கும் வழியையும் கட்டளையிடும். அவர்களைக் காண்கிற எங்கள் கண்களையும், அவர்களைத் தொடத் தயங்குகிற எங்கள் கைகளையும் சுத்திகரியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தினாலே ஆமென்.